ஆண்டவரிடம் பேரம் பேசலாமா?

மாப்பிள்ளையூரணி அண்ணாச்சி பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஏற்பாட்டைப் பற்றியவை. யூதர்களுக்கு அதுதான் வேதம், அவர்கள் தனாக் என்பார்கள். கட்டளை ஏன் இவ்வளவு கடுமை, கருணை எங்கே போனது, கீழ்ப்படியாவிட்டால் என்ன ஆகும் என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறீர்கள். சினிமா, அரசியல் கேள்விகள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

உப்பளத் தொழிலாளி, மாப்பிள்ளையூரணி
கே: அண்ணாச்சி, லோத்து பெஞ்சாதி ஒரு தடவ திரும்பிப் பாத்ததுக்கே உப்புத் தூணாக்கிட்டாரு. நாங்க காலம்பூரா உப்புக்குள்ளயே நிக்கோம். நாங்க எதத் திரும்பிப் பாத்தோம்?

ப: நீங்கள் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களைத்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உப்புத் தூண் கதை எல்லாருக்கும் தெரியும். அதே வேதத்தில் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது: ஏழைக் கூலிக்காரனின் கூலியை அன்றைக்கே, பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும். அவன் அந்தக் காசை நம்பி இருக்கிறான், அவன் முறையிட்டால் முதலாளி பேரில் பாவம் என்று காரணமும் சொல்லியிருக்கிறது. கூலிக்காரன் உள்ளூரானா வெளியூரானா என்று பார்க்கவும் கூடாது. காலையிலிருந்து பாத்தியில் வெறுங்காலோடு நின்று உப்பு வாரி, தலைச்சுமையாக அம்பாரத்தில் கொட்டிவிட்டு, சாயங்காலம் கணக்குப்பிள்ளை முன்னால் நிற்கும் ஆளை நினைத்து எழுதியதுபோலவே இருக்கும். பிரசங்கத்தில் லோத்தின் மனைவி வந்துபோகும் அளவுக்கு இந்தக் கட்டளை வருவதில்லை. உங்கள் சபையில் கேட்டு வாங்குங்கள்.

கல்லூரி மாணவி, தாளமுத்து நகர்
கே: கடவுள் ஒரு முடிவு எடுத்த பிறகு அவரிடம் பேரம் பேசுவது பாவமா?

ப: பாவமென்றால் ஆபிரகாம்தான் முதல் குற்றவாளி. சோதோமை அழிக்கப் போகிறேன் என்று கடவுள் சொன்னதும், ஐம்பது நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று ஆரம்பித்தார். நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என்று இறங்கிப் பத்தில் வந்து நின்றார். மீன் ஏலக் கூடத்தில்கூட ஒரே கூறுக்கு ஆறு தரம் விலை குறைத்துக் கேட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடவுள் போகவில்லை. ஆறு தரமும் சரி என்றார்.

மோசே இன்னும் ஒரு படி மேலே போனார். பொன் கன்றுக்குட்டி விவகாரத்தில், இந்த ஜனத்தை மன்னியும், முடியாதென்றால் உம்முடைய புத்தகத்திலிருந்து என் பெயரையும் அடித்துவிடும் என்றார். ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசிய தலைவர்.

இரண்டு பேரும் தங்களுக்காகக் கேட்கவில்லை. சோதோம் ஆபிரகாமின் ஊர் அல்ல. மோசேக்கோ, உன்னைப் பெரிய ஜாதியாக்குகிறேன் என்று கடவுளே ஆசை காட்டியிருந்தார்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், புதியம்புத்தூர்
கே: ஊரான் பிள்ளைக்காக வாதாடிய ஆபிரகாம், சொந்தப் பிள்ளையைப் பலி கேட்டபோது ஏன் வாயைத் திறக்கவில்லை?

ப: இரண்டாயிரம் ஆண்டுகளாக எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் யூத அறிஞர்கள் தாங்களே ஓர் உரையாடல் எழுதிச் சேர்த்தார்கள். உன் மகனைக் கொண்டு வா என்கிறார் கடவுள். எனக்கு இரண்டு மகன்கள் என்கிறார் ஆபிரகாம். உன் ஒரே மகனை. அவனும் அவன் தாய்க்கு ஒரே மகன், இவனும் இவன் தாய்க்கு ஒரே மகன். நீ நேசிக்கிறவனை. இரண்டு பேரையுமே நேசிக்கிறேன். ஈசாக்கை என்று பெயர் சொன்ன பிறகுதான் பேச்சு நிற்கிறது. அப்பன்காரன் எதிர்த்துப் பேசாவிட்டாலும் கொஞ்சம் நேரமாவது கடத்தியிருப்பான் என்று அவர்கள் மனது சொல்லியிருக்கிறது.

ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1798-இல் வேறு மாதிரி கேட்டார். மகனைக் கொல்லக் கூடாது என்பது நிச்சயம், பேசுகிற குரல் கடவுளுடையது என்பது நிச்சயமில்லை, ஆபிரகாம் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். டென்மார்க்கின் கியர்க்ககார்ட் 1843-இல் ஒரு புத்தகமே எழுதி, விசுவாசம் நம் நியாயத்துக்குள் அடங்காது என்று ஆபிரகாம் பக்கம் நின்றார்.

நான் பார்ப்பது அதற்குப் பிறகு நடப்பதை. வெட்டச் சொன்னது கடவுள், நிறுத்தச் சொல்ல வந்தது தூதன். ஆபிரகாம் மலையிலிருந்து இறங்கும்போது ஈசாக்கு கூட வந்ததாக வசனத்தில் இல்லை. அடுத்த அதிகாரத்தில் சாராள் இறந்துபோகிறாள். அதன் பிறகு ஆபிரகாமும் கடவுளும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதாக ஒரு வரிகூட இல்லை. சோதனையில் ஆபிரகாம் தேறினார் என்று எழுதிய அதே வேதம், வீட்டில் என்ன ஆனது என்பதையும் மறைக்காமல் வைத்திருக்கிறது. பின்னாளில் எரேமியா மூலம் கடவுள் சொல்வதையும் சேர்த்துப் படியுங்கள்: பிள்ளைகளைத் தீயில் பலியிடும்படி நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை.

வியாபாரி, காயல்பட்டினம்
கே: நீங்கள் ஈசாக்கு என்கிறீர்கள். நாங்கள் இஸ்மாயீல் என்கிறோம். யார் சொல்வது சரி?

ப: ஆதியாகமம் ஈசாக்கு என்று பெயரிட்டுச் சொல்கிறது. குர்ஆன் அந்த இடத்தில் மகனின் பெயரைச் சொல்லவில்லை, முஸ்லிம் அறிஞர்களில் பெரும்பாலோர் இஸ்மாயீல் என்கிறார்கள். இரண்டு வீட்டிலும் பிள்ளை பிழைத்துவிட்டான். கடாதான் இரண்டு வீட்டிலும் மாட்டிக்கொண்டது. பக்ரீதுக்கு ஏழைகளுக்கென்று ஒரு பங்கு இறைச்சியை ஒதுக்கிவைத்துக் கொடுக்கிறீர்களே, அதில் யாருக்கும் தகராறு இல்லை.

தமிழாசிரியை, எட்டயபுரம்
கே: நம் சிறுத்தொண்டரும் பிள்ளையை அறுத்தவர்தானே? மனுநீதிச் சோழனும் மகனைத் தேர்க்காலில் இட்டவன்தானே? அவர்களுக்கு ஒரு நியாயம், ஆபிரகாமுக்கு ஒரு நியாயமா?

ப: நல்ல பிடி. சீராளனும் பிழைத்து வந்தான், சோழன் மகனும் பிழைத்து வந்தான். பெரிய புராணம் இரண்டு தந்தைகளையும் போற்றுகிறது. அங்கே கடைசியில் வந்து காப்பாற்றியது இறைவன்.

இதற்கு எபிரேய வேதத்தில் இன்னொரு கதை ஜோடி சேரும். போர் நடக்கும் நாளில் பொழுது சாயும்வரை யாரும் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டவன் சபிக்கப்பட்டவன் என்று சவுல் ராஜா ஆணையிட்டான். அது காதில் விழாத மகன் யோனத்தான், காட்டில் வழிந்த தேனைக் கோல் நுனியால் தொட்டு நக்கிவிட்டான். நீ சாகத்தான் வேண்டும் என்றான் சவுல். மனுநீதிச் சோழன் மாதிரியே கறார். ஆனால் இங்கே ஜனங்கள் குறுக்கே வந்தார்கள். நமக்கு ஜெயம் வாங்கித் தந்தவன் சாவதா, அவன் தலையில் ஒரு மயிர்கூடக் கீழே விழாது என்று சொல்லி மீட்டுக்கொண்டு போனார்கள். வானத்திலிருந்து யாரும் இறங்கவில்லை. ஜனங்கள் செய்தது தப்பென்று வேதம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

பிளஸ் டூ மாணவன், தூத்துக்குடி
கே: கீழ்ப்படிதல் என்றால் என்ன? ஒரே வரியில்.

ப: சொன்னதைச் செய்வது; ஆனால் சொன்னவர் யார் என்று பார்த்துவிட்டுச் செய்வது. ('ரீசார்ஜ் பண்ணு' என்று உங்கள் தங்கை போடும் கட்டளை இதில் சேராது.)

செவிலியர், தூத்துக்குடி
கே: மேலிடத்து உத்தரவு தப்பென்று தெரிந்தால் என்ன செய்வது? மறுத்தால் வேலை போகும்.

ப: உங்கள் தொழில்காரர்கள் இரண்டு பேரைத்தான் காட்ட வேண்டும். எபிரேயப் பெண்களுக்கு ஆண் பிள்ளை பிறந்தால் கொன்றுவிடு என்று மருத்துவச்சிகளுக்கு எகிப்து ராஜா நேரடி உத்தரவு போட்டான். சிப்பிராள், பூவாள் என்ற அந்த இரண்டு பேரும் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று கேட்டதற்கு, எபிரேயப் பெண்கள் திடகாத்திரமானவர்கள், நாங்கள் போய்ச் சேருவதற்குள் பிரசவித்துவிடுகிறார்கள் என்று முகம் மாறாமல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்கிறது யாத்திராகமம். அந்த ராஜாவின் பெயரைப் புத்தகம் சொல்லவே இல்லை. மருத்துவச்சிகளின் பெயர் மட்டும் இன்றுவரை நிற்கிறது.

உங்கள் விஷயத்தில் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். தப்பான உத்தரவுகளில் பாதி அந்த இடத்திலேயே வாபஸ் ஆகிவிடும்.

தோணித் தண்டல், தூத்துக்குடி பழைய துறைமுகம்
கே: யோனா கட்டளைய மீறினாரு, மீன் முழுங்கிச்சு. அவ்வளவுதான கதை? இதுல கருணை எங்க இருக்கு?

ப: மீனை விடுங்கள், மூன்று நாளில் அது தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. உங்கள் தொழிலை வைத்தே இந்தக் கதையைப் படிக்கலாம்.

நினிவேக்குப் போ என்றார் கடவுள். நினிவே கிழக்கே, இன்றைய ஈராக்கில் மோசூல் பக்கம். யோனா யோப்பா துறைமுகத்தில் கூலி கொடுத்து, எதிர்த்திசையில் தர்ஷீசுக்குப் போகும் கப்பலில் ஏறினார். புயல் வந்தது. கப்பல்காரர்கள் சரக்கைக் கடலில் எறிந்தார்கள். ஆளுக்கொரு சாமியைக் கூப்பிட்டார்கள். யோனா கீழ்த்தட்டில் தூக்கம். சீட்டுப் போட்டுப் பார்த்ததில் குற்றம் அவர் பேரில் விழுந்தது. என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள், அமைதியாகும் என்று அவரே சொல்லிவிட்டார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவர்கள் உடனே போடவில்லை. எப்படியாவது கரை சேர்த்துவிடலாம் என்று வேகமாகத் தண்டு வலித்தார்கள். வேறு சாமி கும்பிடுகிறவர்கள், சரக்கு முழுவதும் போனவர்கள், இந்த ஆளால்தான் புயல் என்று தெரிந்தவர்கள். இனி முடியாது என்ற பிறகே, இரத்தப்பழியை எங்கள்மேல் சுமத்தாதேயும் என்று வேண்டிக்கொண்டு தூக்கிப் போட்டார்கள். அந்தப் புத்தகத்தில் முதன்முதலில் இரக்கம் காட்டுவது தீர்க்கதரிசி அல்ல, கப்பல்காரர்கள்.

பிறகு யோனா நினிவேக்குப் போய், நாற்பது நாளில் ஊர் அழியும் என்றார். ஊர் திருந்தியது. கடவுள் மனது மாறினார். யோனாவுக்குக் கோபம். நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முதலிலேயே ஓடினேன் என்றார். கட்டளை கடுமையானது என்று ஓடியவரல்ல, கடவுள் கடைசியில் மன்னித்துவிடுவார் என்று பயந்து ஓடியவர். அவருக்குக் கிடைத்த பதிலோடு புத்தகம் முடிகிறது: வலக்கை இடக்கை தெரியாத லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மனிதரும் அநேக மிருகஜீவன்களும் உள்ள ஊருக்காக நான் பரிதபிக்க வேண்டாமா? யோனா என்ன சொன்னார் என்று எழுதப்படவில்லை. ஆண்டுதோறும் பாவநிவாரண நாளின் பிற்பகலில், பட்டினியோடு உட்கார்ந்து, யூதர்கள் இந்தப் புத்தகத்தைத்தான் வாசிக்கிறார்கள்.

மீனவர், தருவைகுளம்
கே: ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போகக் கூடாதுங்காங்க. ஒரு நாள் வரும்படி போகுது. ஓய்வு நாள் கட்டளை யாருக்கு லாபம்?

ப: வலை இழுக்கிறவருக்கு. படகு முதலாளிக்கு ஓய்வெடுக்கக் கட்டளை எதற்கு, அவர் நினைத்த அன்றைக்கு எடுத்துக்கொள்வார். அடிமையாணும் பெண்ணும், மாடும் கழுதையும், ஊரில் வந்து தங்கிய அந்நியரும் இளைப்பாற வேண்டும் என்று பட்டியல் போட்டுச் சொல்கிறது வேதம். நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், மறக்காதே என்று காரணத்தையும் சொல்கிறது.

நிலத்துக்கும் ஏழாம் வருஷம் ஓய்வு உண்டு. அந்த வருஷம் தானாய் விளைவதை ஏழைகள் தின்னலாம், மீதியைக் காட்டு மிருகங்கள் தின்னும். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை போடுவது மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்றுதான். முத்துக் குளித்த காலத்திலும் பாரில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்த்துத்தான் குளிப்புக்கு நாள் குறித்தார்கள். ஓயாமல் அள்ளினால் அடுத்த வருஷம் அள்ள ஒன்றும் இருக்காது என்பது கடல்காரருக்குப் போதகர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே ஊர், இன்னொரு வாசகர்
கே: ஓய்வு நாளில் விறகு பொறுக்கினவனைக் கல்லெறிந்து கொன்றார்களே. அது எந்தக் கருணையில் சேர்த்தி?

ப: எதிலும் சேர்த்தி இல்லை. எண்ணாகமம் 15-இல் அது அப்படியே நிற்கிறது, மழுப்ப எனக்கு இஷ்டமில்லை. பின்வந்தவர்களை அது உறுத்தியது என்பதை மட்டும் சொல்ல முடியும். அந்த ஆள் யாரென்று வேதம் பெயர் சொல்லவில்லை. ரபி அகிபா என்ற பெரிய அறிஞர், அவன் செலொப்பியாத் என்று கண்டுபிடித்துச் சொன்னார். உடனே இன்னொரு ரபி அவரைக் கண்டித்தார்: வேதமே மூடி வைத்த பெயரை நீ ஏன் அம்பலப்படுத்துகிறாய்? அப்படியில்லை என்றால், ஒரு நல்ல மனிதன் மேல் அவதூறு அல்லவா சொல்கிறாய்? தண்டித்த இடத்திலும் மானத்தைக் காத்திருக்கிறது என்பது அவர் வாதம்.

உயிர் போகும் ஆபத்தென்றால் ஓய்வு நாளை மீறியே ஆக வேண்டும் என்பது பின்னால் யூத சட்டமாயிற்று. அதற்கு முன் கொடுத்த விலை பெரிது. ஓய்வு நாளில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மறைவிடங்களில் இருந்த ஆயிரம் பேர் மாண்டதை மக்கபேயர் நூல் சொல்கிறது. அது கத்தோலிக்க வேதாகமத்தில் உண்டு, எபிரேய வேதத்தில் இல்லை. அன்றைக்குத்தான், இனித் தாக்கினால் ஓய்வு நாளிலும் திருப்பித் தாக்குவோம் என்று முடிவெடுத்தார்கள்.

வாசகர், நாசரேத்
கே: ஓய்வு நாள் சனிக்கிழமை என்றுதானே வேதத்தில் இருக்கிறது? நம்மில் யாருமே அதைக் கேட்கவில்லையா?

ப: கேட்டவர் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனரியோடு மோதி வேலையை இழந்தார். நாடார்களைத் தாழ்த்தி கால்டுவெல் 1849-இல் எழுதிய நூல் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. 1857-இல் முக்குப்பீறி, பிரகாசபுரம் பக்கத்தில் வெள்ளைக்காரர் தயவில்லாமல் தனிச் சபை கண்டார். இந்து கிறிஸ்தவ சபை என்று அதைச் சொல்வார்கள்.

அவர் செய்த காரியம் சுவையானது. எபிரேய வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐரோப்பியர் கொண்டுவந்ததில் எதெல்லாம் அதில் இல்லை என்று பார்த்தார். ஓய்வு நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். தரையில் உட்கார்ந்து, சாஷ்டாங்கமாக விழுந்து, தூபம் காட்டி வழிபட வைத்தார். தூபமும் விழுந்து வணங்குவதும் வேதத்து யூதருக்கும் நம் ஊர்க்காரருக்கும் பொது, நாற்காலிதான் இடையில் வந்தது. வேதத்துக்குக் கீழ்ப்படிகிறேன் என்று சொல்லியே மிஷனரிக்குக் கீழ்ப்படிய மறுத்தவர் அவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் இந்தப் பக்கம் வந்தபோது, சனிக்கிழமையை ஆசரிக்கும் தமிழர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள்.

வாசகர், மணப்பாடு
கே: நம் கடற்கரைக்குப் பத்துக் கட்டளையைக் கொண்டுவந்த சவேரியார் கண்டிப்பானவரா, கருணையானவரா?

ப: இரண்டும். 1542-இல் வந்தவர், உள்ளூர்க்காரர் துணையோடு ஜெபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கி மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். சாராயம் குடிக்கும் பெண்களுக்கு அபராதமும் சிறையும் என்று கறாராக எழுதிய கடிதம் உண்டு. (குடித்த ஆண்களைப் பற்றி அதே கறார் எங்கே என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள்.) அதே கடிதங்களில்தான் உடன் ஊழியர் மன்சிலாசுக்கு, தறுதலைப் பிள்ளைகளிடம் நல்ல தகப்பன் நடந்துகொள்வதுபோல இவர்களிடம் பொறுமையாக நடந்துகொள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். 1544-இல் வடுகர் படைக்குப் பயந்து குமரி முனைப் பாறைகளில் ஒளிந்து பட்டினி கிடந்தவர்களைக் காக்க 20 தோணிகளோடு புறப்பட்டார். எதிர்க்காற்றில் போய்ச் சேர முடியவில்லை.

வாசகர், திரேஸ்புரம்
கே: உடன்படிக்கைப் பெட்டி சாயும்போது தாங்கிப் பிடிக்கக் கை நீட்டின ஊசாவை அடித்துக் கொன்றாரே. சப்பரம் சாய்ந்தால் நாங்கள் கை கொடுக்க மாட்டோமா?

ப: கொடுங்கள், தாராளமாக. அந்தப் பெட்டியை லேவியர் தண்டு கோத்துத் தோளில் சுமக்க வேண்டும் என்பது சட்டம். மாட்டு வண்டியில் ஏற்றினது தாவீது காலத்துப் பெரியவர்கள். செத்தது வண்டியை நடத்திப்போனவன். மேலே திட்டம் தப்பினால் கீழே நிற்கிறவன் தலையில் விடியும் என்பது அன்றைக்கும் அப்படித்தான். இதைப் பார்த்துத் தாவீதுக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. பெட்டியை மூன்று மாதம் வேறொருவர் வீட்டில் இறக்கி வைத்துவிட்டார். கடவுள் செய்ததற்குக் கோபப்பட்டதால் தாவீதுக்கு எந்தத் தண்டனையும் வரவில்லை. பிறகு, முறைப்படி செய்யாதது நம் தப்பு என்று ஒத்துக்கொண்டார்.

சட்டக் கல்லூரி மாணவர், ஓட்டப்பிடாரம்
கே: அமலேக்கியரைக் குழந்தைகளோடு சேர்த்துக் கொல்லச் சொன்னாரே? அதை மீறின சவுலுக்குத்தானே பதவி போனது? அப்படியானால் கருணைதான் குற்றமா?

ப: அந்தக் கட்டளைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1 சாமுவேல் 15-ஐப் படித்துவிட்டுத் தூக்கம் கெடாதவரை எனக்குப் பிடிக்காது. ஆனால் சவுலைக் கருணைக்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள். அவன் தப்பவிட்டது அமலேக்கியரின் ராஜா ஆகாக்கையும் கொழுத்த ஆடு மாடுகளையும். கைக்குழந்தைகளை அல்ல. ராஜாவுக்கு ராஜா பார்த்த சலுகை அது. கேட்டதற்கு, ஆடுகளைப் பலி கொடுக்க வைத்திருக்கிறேன் என்றான்.

யூத அறிஞர்களுக்கும் இது தொண்டையில் சிக்கியது. அவர்களுடைய தல்மூத் நூலில் சவுலே வாதாடுகிறான்: பெரியவர்கள் பாவம் செய்திருக்கலாம், குழந்தைகள் என்ன செய்தார்கள்? கேள்வியைப் பதிவு செய்தார்கள், அடித்துவிடவில்லை. அசீரிய ராஜா படையெடுத்து ஜாதிகளைக் கலந்துவிட்டான், பழைய ஜாதி எது என்று இனி யாருக்கும் தெரியாது என்ற நியாயத்தையும் கொண்டுவந்தார்கள். ஆகாக்கின் வழிவந்தவனாகச் சொல்லப்படும் ஆமானின் பேரப்பிள்ளைகள் பின்னாளில் பினேபிராக்கில் வேதம் கற்பித்தார்கள் என்றும் எழுதி வைத்தார்கள். கொல்லச் சொன்ன குலத்துக்கு வாத்தியார் வேலை கொடுத்தாயிற்று. இன்றைக்கு எந்த நாட்டு அரசியல்வாதியாவது எதிரியை அமலேக்கு என்று கூப்பிட்டால், அவர் இந்தப் பக்கங்களைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இல்லத்தரசி, மாப்பிள்ளையூரணி
கே: எங்க குடும்பத்துல நாலு தலமுறைச் சாபம் இருக்குன்னு ஒரு ஜெபக்காரர் சொல்லுதாரு. முறிக்கக் காணிக்கை கேக்காரு.

ப: கொடுக்காதீர்கள். தகப்பன் பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் என்ற வசனத்தை அவர் படித்திருக்கிறார். எசேக்கியேல் 18-ஐப் படிக்கவில்லை. அப்பன்மார் திராட்சைக்காயைத் தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசிற்று என்ற பேச்சை இனி நீங்கள் பேசவே கூடாது என்று கடவுளே ஆணையிடுகிறார். பாவம் செய்தவன்தான் பொறுப்பு. முதல் வசனத்திலும்கூடத் தண்டனை நாலு தலைமுறை, இரக்கம் ஆயிரம் தலைமுறை. கணக்கு உங்கள் பக்கம்.

வாசகர், ஏரல்
கே: 2023 டிசம்பர் வெள்ளம் நம் கீழ்ப்படியாமைக்குக் கிடைத்த தண்டனையா?

ப: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரையில் பாதி வீடு போனவர்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். இனி வெள்ளத்தால் பூமியை அழிப்பதில்லை என்று நோவாவிடம் ஒப்பந்தம் ஆகிவிட்டது. யோபுவின் நண்பர்கள் மூன்று பேர், உன் பாவத்தால்தான் இது என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். கடைசியில் கடவுள் கோபப்பட்டது அவர்கள்மேல். கூச்சல் போட்ட யோபு சரியாகப் பேசினான் என்று சான்றிதழும் கொடுத்தார்.

வாசகி, வேம்பார்
கே: ஒரு கஷ்டத்தில் பெரிய நேர்ச்சை வைத்துவிட்டேன். இப்போது செய்ய முடியவில்லை. பயமாக இருக்கிறது.

ப: பயப்படாமல் உங்கள் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லுங்கள், மாற்றித் தருவார். போகாமல் விட்டவர் யெப்தா. போரில் ஜெயித்தால் வீட்டு வாசலில் என் எதிரே வருவதைப் பலியிடுகிறேன் என்றார். வந்தவள் ஒரே மகள். கடவுள் கேட்காத பலி அது. நேர்ந்துகொண்ட ஆளைப் பணம் கட்டி மீட்க லேவியராகமத்தில் வழி இருக்கிறது. ரபிகள் சொல்லும் கதையில், தளபதியான நான் பூசாரியிடம் போவதா என்று யெப்தா இருந்தார். பினெகாஸ் குருவோ, அவன் என்னிடம் வரட்டும் என்று இருந்தார். இரண்டு பெரிய மனிதர்களின் கௌரவத்துக்கு நடுவில் ஒரு பெண் செத்தாள்.

தகப்பன், முத்தையாபுரம்
கே: சொல் பேச்சு கேட்காத மகனைக் கல்லெறியச் சொல்லி வேதத்தில் இருக்கிறதாமே?

ப: உங்கள் ஆர்வம் புரிகிறது. உபாகமம் 21. ஆனால் தல்மூத் போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே குரல், ஒரே தோற்றம், ஒரே உயரம் இருக்க வேண்டும் என்றார் ஒருவர். இப்படி ஒரு பிள்ளை இருந்ததும் இல்லை, இருக்கப் போவதும் இல்லை, படித்துப் பலன் பெறவே எழுதப்பட்டது என்று முடித்துவிட்டார்கள். ஏழு ஆண்டில் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தாலும் அது கொலைகார நீதிமன்றம் என்றது தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா. எழுபது ஆண்டில் ஒன்றானாலும் அப்படித்தான் என்றார் இன்னொருவர். கட்டளையை அழிக்காமலேயே அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். நீங்களும் பையனின் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாசகர், கோவில்பட்டி
கே: பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர். சரிதானே?

ப: இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் இதையே சொன்னார். ரோமாபுரிச் சபை அவரை வெளியேற்றியது. இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று கடவுள் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்வது யாத்திராகமத்தில். நரகத்து நெருப்பைப் பற்றிய பேச்சு அதிகம் வருவது புதிய ஏற்பாட்டில். இரண்டையும் முழுதாகப் படித்தால் இந்தக் கேள்வி தானாக விலகும்.

வாசகி, மாப்பிள்ளையூரணி
கே: அப்பா உயில் எழுதாம இறந்துட்டாரு. விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடுன்னு அண்ணன்மார் நெருக்குதாங்க. பொண்ணு கீழ்ப்படிஞ்சு போகணும்னு வேதத்துல இருக்குன்னு சொல்லுதாங்க. இருக்கா அண்ணாச்சி?

ப: விறகு பொறுக்கினவன் செலொப்பியாத் என்று அகிபா சொன்னாரல்லவா? வேதத்தில் அந்த செலொப்பியாத்துக்கு மகன் இல்லை, ஐந்து மகள்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். நிலம் பங்கிடும்போது அப்பா பங்கு இவர்களுக்கு இல்லை என்றது அன்றைய சட்டம். ஐந்து பேரும் மோசே, குரு, பிரபுக்கள், சபை முழுவதும் கூடியிருந்த இடத்தில் போய் நின்று கேட்டார்கள்: மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும்? எங்களுக்கும் காணி கொடுங்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை. கடவுளிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்று பதில் வந்தது. சட்டம் மாறியது. மகன் இருந்தால் மகளுக்கு இல்லை என்ற குறை அதிலும் இருந்தது, சொந்தக் கோத்திரத்தில்தான் கல்யாணம் என்று பிறகு ஒரு நிபந்தனையும் வந்தது. ஆனாலும் எதிர்த்துக் கேட்ட பெண்களைக் கடவுள் கடிந்துகொள்ளவில்லை, அவர்கள் பெயரைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தார்.

நம் நாட்டுச் சட்டம் அந்தக் குறையையும் நீக்கிவிட்டது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவத் தகப்பன் உயில் இல்லாமல் இறந்தால், மனைவியின் மூன்றில் ஒரு பங்கு போக மீதி மகனுக்கும் மகளுக்கும் சமம். பழைய திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அதுவும் ஐயாயிரம் ரூபாய்க்குள் என்று வைத்திருந்தது. அதை எதிர்த்துக் கேரளத்தின் மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்கும் அங்குள்ள கிறிஸ்தவப் பெண்களுக்கும் சம பங்கு உண்டு என்று 1986-இல் தீர்ப்பு வந்தது.

ஆகவே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். அண்ணன்மார் மறுபடியும் வேதத்தை எடுத்தால், எண்ணாகமம் 27-ஐத் திறந்து அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.